பாதிப் படி பச்சை

கழுகுக்குச் சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. இரண்டும் அவருக்கு ஒரே சேற்று நிறம்தான். இந்த விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கழுகு, இன்னொருவர் கழுகின் மனைவி. ஒரு கல் கிடங்கில் கல் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற தலைமை ஆளுக்கு இப்படி ஒரு குறை என்றால் யாராவது நம்புவார்களா? நம்ப மாட்டார்கள் என்பதுதான் அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே பாதுகாப்பு.

கழுகு என்பது கிடங்கில் வைத்த பட்டப்பெயர். தரைக்கும் சுவருக்கும் போடுகிற பலகைக் கற்களில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் பிடித்துவிடுவார். குனிந்து, சின்னச் சுத்தியால் நாலு இடத்தில் தட்டி, இதை ஓரமாக வை என்பார். கொஞ்ச நாளில் அந்தக் கல் தானாக இரண்டாகக் கிடக்கும். என்ன கண்ணு இந்த ஆளுக்கு என்று எல்லோரும் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். உண்மையில் அவர் கண்ணால் பார்க்கவே இல்லை, காதால் கேட்டார். நல்ல கல் கணீரென்று பேசும். விரிசல் விட்ட கல் சளி பிடித்தவன் மாதிரிப் பேசும். உழைத்தது காது, பேர் வாங்கியது கண்.

அந்தப் பேரால்தான் வினை வந்தது. இப்படிப்பட்ட கண் உள்ளவர் கல் ஏற்றி இறக்கிக்கொண்டு கிடப்பதா என்று முதலாளியம்மா அவரைத் தூக்கித் தலைமை ஆளாக உட்கார வைத்தார். அதற்கப்புறம் வாடிக்கையாளர்கள் அவரிடம் விரிசலைப் பற்றியா கேட்பார்கள்? வாசலுக்கு இளஞ்சிவப்பு மணற்கல் வேண்டும், பூஜை அறையோ படிப்பறையோ எதற்காவது பச்சைச் சலவைக்கல் வேண்டும் என்பார்கள். வெள்ளை, கறுப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் அவருக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை. மற்ற நிறங்களில்தான் ஆள் திருவிழாவில் தொலைந்த பிள்ளை.

பெயர்ச் சீட்டு ஒட்டியிருக்குமே என்று கேட்கலாம். ஒட்டியிருக்கும்தான். ஆனால் கல்லை என்ன சாயத் தொட்டியிலா முக்கி எடுக்கிறார்கள்? ஒரே மலை, ஒரே பெயர், போன லோடு பச்சையாக வந்திருக்கும், இந்த லோடு பாசி படிந்த பழுப்பாக வந்து நிற்கும். சீட்டை நம்பிக் கல் விற்றவன் அடுத்த வருஷம் வேறு தொழில் பார்க்க வேண்டியதுதான்.

மனைவிக்கு விஷயம் தெரிந்தது கல்யாணமான புதிதில். உனக்குப் பிடித்த பச்சை என்று ஆசையாக ஒரு புடவை வாங்கி வந்து நீட்டினார். அது ரத்தச் சிவப்பு. கிண்டலா என்று கேட்டாள். மனிதர் மெல்ல விஷயத்தைச் சொன்னார். அவள் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு அந்தப் புடவையையே கட்டிக்கொண்டு நாள் முழுக்க வீட்டில் நடமாடினாள். அன்றைக்கே இரண்டு பேருக்குள்ளும் ஒரு ஒப்பந்தம் ஆகிவிட்டது.

அந்த ஒப்பந்தம் கிடங்கில் இப்படி நடந்தது. மதியம் அவள் சாப்பாடு கொண்டு வருவாள். அவர் ஷெட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார். அவள் காலாற நடக்கிறேன் என்று கல் வரிசைகளுக்குள் போவாள். கைப்பையில் ஒரு சாக்கட்டித் துண்டு இருக்கும். கல்லின் கீழ்விளிம்பில், யார் கண்ணிலும் உறுத்தாதபடி, சிவப்புக்கு ஒரு கோடு, பச்சைக்கு இரண்டு கோடு, பழுப்புக்குப் பெருக்கல் குறி, இளஞ்சிவப்புக்கு வட்டம். அறுத்து வந்த கல்லின் மேல் சாம்பல் மாதிரிக் கல் மாவு அப்பிக் கிடக்கும். அதன் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்த்துவிட்டுத்தான் கோடு போடுவாள்.

அந்தக் கோடுகளைக் கிடங்கு ஆட்கள் பார்க்காமல் இல்லை. கழுகு அண்ணன் ராத்திரி கனவில் கண்டு போட்ட தர முத்திரை என்று நினைத்துக்கொண்டார்கள். கல் அறுக்கிற மிஷின்காரர் கொஞ்ச நாள் அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடப் பார்த்தார். இரண்டு கோடு போட்டது விலை ஏறும் என்பது அவர் கண்டுபிடிப்பு.

இப்படி அவருக்காக ஆரம்பித்த வேலையில் அவளுக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. சலவைக்கல்லில் ஓடுகிற நரம்பு எந்தப் பக்கம் சாய்ந்தால் அறை பெரிதாகத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தது. எறும்பு குடித்தனம் நடத்தினாற்போல் பொத்தல் பொத்தலாக இருக்கும் டிராவர்டைன் கல் குளியலறையில் அழுக்குச் சேர்க்கும், வராந்தா சுவரில் போட்டால் அழகு. வெளிச்சம் ஊடுருவுகிற ஓனிக்ஸ் கல் என்றால் பின்னால் விளக்கு வைக்காமல் போடுவது பாவம். வெள்ளைச் சலவைக்கல் சமையல் மேடைக்கு வேண்டவே வேண்டாம், ஒரு எலுமிச்சைச் சாறு சிந்தினால் போதும், ஜென்மத்துக்கும் தழும்பு போகாது. இதையெல்லாம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவரிடம் சொல்வாள். அவர் மறுநாள் வாடிக்கையாளரிடம் சொல்வார். வாடிக்கையாளர்கள் கழுகின் ரசனையைப் புகழ்வார்கள். அவர் வீட்டுக்கு வந்து அந்தப் புகழை ஒரு வார்த்தை குறையாமல் அவளிடம் ஒப்பித்துவிடுவார். அந்த நேர்மை மட்டும் அவரிடம் எப்போதும் உண்டு.

வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் முதலாளியம்மாவின் அண்ணனுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. குவாரி குவாரியாகப் போய்ப் பெரிய பாறைகளைப் பார்த்து வாங்கி அனுப்புவது அவர் வேலை. இனி மலை ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளியம்மா நேரே கழுகிடம் வந்து, இனிமேல் நீதான் போகணும் என்றார். பார்க்கலாம்மா என்றார் கழுகு. அடுத்த வாரமும் பார்க்கலாம்மா, அதற்கடுத்த வாரமும் பார்க்கலாம்மா. முதலாளியம்மாவுக்குப் பொறுமை குறைவு. இந்தச் சனிக்கிழமைக்குள் சொல்லு, இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டு வருவேன், குவாரியும் கிடங்கும் இரண்டுமே அவர் பொறுப்பு, நீ அவருக்குக் கீழே இருந்துகொள் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வீட்டில் அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தார்கள். முட்டி வலி என்று சொல்லிவிடட்டுமா என்றார் அவர். கிடங்கில் எத்தனை முட்டிதான் தேயும் என்றாள் அவள். குவாரிக்குப் போனால் அங்கே சாக்கட்டி கிடையாது, சாப்பாடு கொண்டு வருகிறேன் என்று இவளும் பின்னாலேயே போக முடியாது. ஒரு பாறையைத் தப்பாக வாங்கினால் அது ஒரு லாரி நிறையத் தப்பு. போகாவிட்டாலோ புது ஆள் வருவான். வருகிறவன் முதல் வேலையாக இவர் கண்ணைத்தான் சோதிப்பான்.

இதில் அவள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று உண்டு. அவளுக்குக் குவாரியைப் பார்க்க வேண்டும். அறுத்து, தேய்த்து, பலகையாக நிற்கிற கல்லைத்தான் இத்தனை காலம் பார்த்திருக்கிறாள். மலையாக இருக்கும்போது அது எப்படி இருக்கும், அதில் எந்த இடத்தில் பச்சை முடிந்து எந்த இடத்தில் பழுப்பு ஆரம்பிக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே பாத்திரம் துலக்குவாள். வேலை போய்விடுமோ என்று புருஷன் தவித்துக்கொண்டிருக்கும்போது, எனக்கு மலை பார்க்க ஆசை என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாரம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கிடங்கில் பல் டாக்டரம்மாவின் வேலை ஓடிக்கொண்டிருந்தது. கீழே கிளினிக், மேலே வீடு, நடுவில் படிக்கட்டு. படி முழுக்கப் பச்சைக் கிரானைட் வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். அதற்கான லோடு வந்து இறங்கியபோது இவள் போர்வைக்குள் கிடந்தாள். கழுகும் சும்மா இருக்கவில்லை, பாவம். அடுக்கின் மேலே இருந்த கல்லின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்த்து, சட்டைப் பையில் போட்டு, வீட்டுக்குக் கொண்டு வந்து அவள் முகத்துக்கு நேரே காட்டினார். அவள் எச்சில் தொட்டுத் தடவிப் பார்த்து, பச்சைதான், அறுக்கச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த அடுக்கில் இரண்டு பாறையின் கல் கலந்து வந்திருந்தது. அது அவருக்கும் தெரியவில்லை, போர்வைக்குள் இருந்தவளுக்கும் தெரியவில்லை.

காய்ச்சல் விட்டதும் வழக்கம்போலச் சாப்பாட்டோடு கிளம்பிப் போனாள். கிடங்கு வாசலில் கால் வைக்கும்போதே டாக்டரம்மாவின் படிகள் கண்ணில் பட்டன. அறுத்து மெருகேற்றிய படிகளை, வீட்டில் பதிக்கிற வரிசையிலேயே தரையில் அடுக்கி வைத்திருந்தார்கள். அனுப்புவதற்கு முன்னால் முதலாளியம்மா பார்ப்பதற்காக அப்படித்தான் அடுக்குவார்கள். கீழ்ப் படியிலிருந்து படி திரும்புகிற இடம் வரைக்கும் நல்ல ஆழமான பச்சை. அதற்கு மேலே கடைசிப் படி வரைக்கும் செம்பழுப்பு. கழுகு பக்கத்தில் நின்று, ஒரு படியைத் தட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் மிஷின்காரரை ஓரமாகக் கூப்பிட்டு, இது என்ன என்று கேட்டாள்.

"டிசைன் அண்ணி," என்றார் அவர். "மேல இருந்த கல்லு பச்சையா வந்துச்சு, பாதிக்கு மேல பழுப்பா வந்துச்சு. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. அண்ணன் தட்டிப் பார்த்து எல்லாத்தையும் போடுன்னாரு. அவர் கண்ணுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுது?"

கிடங்கில் இருந்த அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். அத்தனை பேரும் அண்ணனுக்கு ஏதோ கணக்கு இருக்கும் என்று நினைத்து அவரவர் வேலையைப் பார்த்திருக்கிறார்கள். ஊர் முழுக்கப் பேர் வாங்கினால் இப்படித்தான், தப்பைக்கூட எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. அவள் கணவரிடம் போய்க் காதில் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மாற்றி அறுக்கலாம் என்றால் பச்சையில் மிச்சம் இல்லை. அதற்குள் வாசலில் முதலாளியம்மாவின் குரல் கேட்டது. கூடவே பல் டாக்டரம்மா வந்துகொண்டிருந்தார்.

டாக்டரம்மா படிகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். நான் எல்லாம் பச்சை என்றுதானே சொன்னேன் என்றார். முதலாளியம்மா கழுகைப் பார்த்தார். கழுகு தரையைப் பார்த்தார்.

அவள் பொய் சொல்லித் தப்பிக்கத்தான் வாயைத் திறந்தாள், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை கல்லைப் பார்த்தாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, திரும்புகிற இடத்துப் படிகள் இரண்டின் மேலும் ஊற்றினாள். ஒரே மலைக் கல். பச்சையிலும் பழுப்பிலும் அதே எள் அளவு புள்ளி, அதே மினுக்கம், ஒன்று முடிகிற இடத்தில் இன்னொன்று உறவு கொண்டாடிக்கொண்டு ஆரம்பித்தது. நன்றாகத்தான் இருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது.

"கீழ உங்க கிளினிக்கும்மா," என்றாள். "பல்வலியோட வர்றவங்க பார்க்கிறது பச்சை, கண்ணுக்குக் குளிர்ச்சி. வேலை முடிஞ்சு நீங்க மேல ஏறுறீங்க. திரும்புற இடத்துல கல்லு மாறுது. அதுவரைக்கும் நீங்க டாக்டர். அதுக்கு மேல உங்க வீடு. மேலயும் பச்சையே போட்டா கிளினிக்கும் உங்க கூடவே படியேறி வந்துடும்."

டாக்டரம்மா கீழ்ப் படியிலிருந்து பக்கவாட்டில் நடந்து போனார். திரும்புகிற இடத்தில் நின்றார். பழுப்புப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துப் பார்த்தார். எங்கள் வீட்டில் இருக்கிறவர் சாப்பாட்டு நேரத்தில்கூட நான் எல்லோர் பல்லையும் பார்க்கிறேன் என்று குறை சொல்வார், இதைச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று சிரித்தார். அப்படியே அனுப்பச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதலாளியம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. இதற்குத்தான் கழுகு வேண்டும் என்பது, கேட்டதைக் கொடுப்பவன் கடைக்காரன், கேட்காததைக் கொடுப்பவன்தான் கல் தெரிந்தவன் என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், திங்கட்கிழமை குவாரிக்கு வண்டி ஏற்பாடு செய்கிறேன் என்றார்.

அவளுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. அந்த மூச்சு பாதியில் நின்றது. கழுகு சுத்தியைக் கீழே வைத்துவிட்டு முதலாளியம்மாவுக்கு எதிரே போய் நின்றார்.

"எனக்குப் பச்சையும் சிவப்பும் தெரியாதும்மா," என்றார். "பொறந்ததுல இருந்தே. இங்க நான் எடுத்துக் கொடுத்த கல்லு எதுவும் நான் எடுத்தது இல்ல. எல்லாம் இவ எடுத்தது. இந்தப் படி ஒண்ணுதான் நான் தனியா எடுத்தது. அதுதான் இந்த லட்சணத்துல இருக்கு."

மிஷின் நின்றுவிட்டது. மிஷின்காரர் வாயைத் திறந்தபடி இருந்தார். முதலாளியம்மா முதலில் நம்பவில்லை. பக்கத்திலிருந்த ஒரு சிவப்புக் கல்லைக் காட்டி இது என்ன நிறம் என்றார். பழுப்பா என்றார் கழுகு. முதலாளியம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் கோபம் வந்தது. இத்தனை காலம் என் கிடங்கில் கல் எடுத்தது சாப்பாடு கொண்டு வந்த அம்மாவா, என் பேரை நம்பி வந்தவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று சத்தம் போட்டார். கழுகு தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்.

அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குட்டு உடைந்த பிறகு பயந்து என்ன ஆகப் போகிறது?

"எடுத்த கல்லு ஒண்ணாவது திரும்பி வந்திருக்காம்மா?" என்று கேட்டாள்.

முதலாளியம்மா யோசித்தார். ஒன்றுகூட ஞாபகம் வராதது அவருக்கே எரிச்சலாக இருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் விசாரணை ஆரம்பித்தது. ஆற்றோரத்து ஓட்டலுக்கு மஞ்சள் சுண்ணாம்புக்கல் சொன்னது யார்? இவள். நூலக வாசலுக்கு வழுக்காத பலகைக்கல்? இவள். என் வீட்டுக் கூடத்துக்கு? அதுவும் இவள்தான், ஆனால் கூடத்தில் போட்டிருக்கிற கம்பளம் அந்தக் கல்லுக்குச் சேரவே இல்லை என்று சேர்த்துச் சொன்னாள். கழுகு அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் நிறுத்தவில்லை. கையோடு கையாக மனதில் இருந்ததையும் கொட்டிவிட்டாள்.

"என்னைக் குவாரிக்கு அனுப்புங்கம்மா. இவரையும் அனுப்புங்க. பாறை உள்ளுக்குள்ள விரிசல் விட்டிருக்கான்னு தட்டிச் சொல்ல இவரை விட்டா ஆள் கிடையாது. நிறம் நான் பார்க்கிறேன். சாப்பாட்டுக்காரியா இல்ல. வேலைக்காரியா, இவர் மாதிரியே."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. கழுகு அவளைத் திரும்பிப் பார்த்தார். இப்படி ஒரு ஆசை இவளுக்குள் இருந்ததே தெரியாமல் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியிருக்கிறோமே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பச்சை தெரியாததைவிட அதுதான் பெரிய குருடு என்று பின்னால் அவளிடம் சொன்னார்.

முதலாளியம்மா அவள் பக்கம் திரும்பினார். முதலில் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லு, வேறு கல் வரவழைத்து அறுத்துத் தருகிறோம் என்று கேள் என்றார். அவளே பேசினாள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு டாக்டரம்மா, தப்பாகவே இருக்கட்டும், திரும்புகிற இடத்து விஷயத்தை நான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, இனி மாற்றினால் எனக்குத்தான் அவமானம் என்றார். அதை அப்படியே வந்து சொன்னாள். முதலாளியம்மா சிரித்துவிட்டார். சிரித்துவிட்டோமே என்று கோபமும் வந்தது. திங்கட்கிழமை விடியற்காலை வண்டி வரும், இரண்டு பேரும் லேட் பண்ணக் கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். போகிற போக்கில் மிஷின்காரரிடம், உனக்கெல்லாம் கண் எதற்கு, பாதிப் படி பச்சை என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டாயா என்று ஒரு அதட்டல் போட்டார். மிஷின்காரர், பேசாமல் இருந்ததால்தானே இவ்வளவு நல்லது நடந்தது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை குவாரியில் இறங்கியபோது வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. அவள் நினைத்ததைவிட மலை பெரியதாக இருந்தது. ஒரு பக்கம் முழுக்க வெட்டி, சுவர் மாதிரி நேராக நின்றது. அதில் கீழேயிருந்து மேலே வரைக்கும் நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து போயின. எங்கே பச்சை முடிகிறது, எங்கே பழுப்பு ஆரம்பிக்கிறது என்று பாத்திரம் துலக்கும்போது அவள் போட்டு வைத்த கணக்கெல்லாம் தப்பு. முடிவும் ஆரம்பமும் என்று கோடு எதுவும் அங்கே இல்லை. அதைப் பார்த்து நெஞ்சு நிறைந்து போய் அப்படியே நின்றுவிட்டாள்.

குவாரி மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். நேரே கழுகிடம் போய், உங்கள் கண்ணைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம், எந்தப் பாறையைக் காட்டட்டும் என்று கேட்டார்.

கழுகு ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார்.

"கல்லு பார்க்கிறது அவங்க," என்றார். "அவங்க எடுத்ததுக்கு அப்புறம் தட்டிப் பார்க்கிறவன் நான்."

மேஸ்திரி அவளைப் பார்த்தார், மறுபடி கழுகைப் பார்த்தார், பிறகு அவள் பக்கமே முழுதாகத் திரும்பி, எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மலையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாப் பக்கமும் பார்க்கணும்," என்றாள். "சாயங்காலம் வரைக்கும் இருக்கோம்."